வெண்சட்டை காத்த படலம்

வாழ்க அவன் கொற்றம்! எட்டுத் திங்கள் வேலையின்றியும் எடுத்த நடை தளராதோன், இரண்டறை மாளிகையின் இளவல், ஒற்றை வெண்சட்டைக்கு ஒரே உரிமையாளன், நிச்சயமற்றவை அனைத்தையும் நெஞ்சார வெறுத்த அண்ணல், அவன் புகழைக் கேட்பீராக. மாலை நான்கு மணிக்கு நேர்காணல். வென்றால் அக்காள் சம்பளத்தில் உண்ணும் சிறுமை அன்றோடு தீரும். காலையிலோ சட்டையின் மார்பில் தேநீர் பாய்ந்துவிட, சோப்பு நுரையால் கறையை வென்று, மொட்டைமாடிக் கொடியில் அதை ஏற்றினான் கோமான். மின்சாரம் போயிருந்ததால் காற்றாடியும் இஸ்திரிப் பெட்டியும் படைக்கு வரவில்லை.

இரவுப்பணி முடித்து வந்த தாதியாம் அவன் தமக்கை, அன்றிரவே உடுத்தவேண்டிய சீருடையை அதே கொடியில் உதறிப்போட்டு, நான்கு கிளிப்பு மாட்டினாள். மழைக்கு வாய்ப்பு ஐம்பது விழுக்காடு என்றது கைப்பேசி. இதெல்லாம் ஒரு பதிலா என்று வீரன் கொதித்தான்.

“அக்கா, மழை வருமா வராதா, ஏதாவது ஒண்ணு சொல்லு.”

“வந்தா நனையும், விட்டா காயும். எனக்குத் தூக்கம் வருது, ஆளை விடுடா.”

மூண்டது பெரும்போர். கீழ்வானில் கைக்குட்டையளவு கருமுகில் தலைகாட்ட, முப்பது படி தாவியேறிச் சட்டையை மீட்டு, வாளிக்குள் அடைக்கலம் தந்து, மூடியும் இட்டான். முகில் கலைந்தது; மீண்டும் கொடியேற்றம். மீண்டும் முகில், மீண்டும் மீட்பு. இங்ஙனம் பதினோரு முறை ஏறி இறங்கி, முழங்கால் முறையிட, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, ஒருமுறையும் ஏமாறாத பெருமிதத்தோடு படியில் சாய்ந்தான் பகைமுகில் கடிந்தோன். நண்பகலில் மழை மெய்யாகவே வந்து, ஐந்து நிமிடம் கொட்டிவிட்டுத் தன் வழியே போயிற்று. நனைந்தது தாதியின் சீருடை மட்டுமே. வென்றோம் என்று ஆர்ப்பரித்தவன், அதன்பின் அடித்த வெயிலையும் நம்பாமல் வாளியை விட்டு அகலவில்லை.

இரண்டு மணிக்குத் தமக்கை கண்விழித்து வந்து, மொடமொடவென்று காய்ந்திருந்த சீருடையை உருவி மடித்தாள். வாளியின் மூடியைத் திறந்து வெண்சட்டையைத் தூக்கினாள். சொட்டியது.

“நீ இதைக் காயவே விடலையேடா.”

வீரனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆயினும் சட்டையைப் பிழிந்து கொடியில் இட்டு, மேற்கே திரண்டெழுந்த கார்முகிலை நேருக்கு நேர் நோக்கி, “வருவது வருக, யாம் இனிப் படியேறோம்” என்று எண்டிசையும் அதிரப் பறைசாற்றி, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்தான், பதினோரு போர்களில் வென்று பன்னிரண்டாவதில் படைக்கலம் துறந்த பெருமான்.

மூன்றேகாலுக்குக் காலர் ஈரமாகத்தான் இருந்தது. அப்படியே போட்டுக்கொண்டு போனான்.