பதின்மூன்றாம் கல்

"காலையில ஏழு மணிக்கு வந்தேன், இன்னும் ஒருத்தரும் கூப்பிடலை. இவருக்கு நெஞ்சுல எலும்பு குத்திக்கிட்டு நிக்குது."

ஒரு காட்டில், ஸ்கேன் அறை வாசலில், மரகதம் என்ற கீரிப்பிள்ளை இதை எழுத்து மாறாமல் ஆறாவது முறையாகச் சொன்னாள். பக்கத்தில் அவள் புருஷன் தணிகாசலம் முனகிக்கொண்டிருந்தார். பாம்பை மெதுவாகத் தின்னுங்கள் என்றால் எந்தப் புருஷன் கேட்கிறான்?

மரங்கொத்தி டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்: "பன்னிரண்டு மணிக்குள்ள ஸ்கேன் ரிப்போர்ட்டோட வாங்கம்மா. இடம் தெரியாம கொத்துறதுக்கு இவர் என்ன மரமா?" அதற்கப்புறம் அவர் பறந்துவிடுவார். திரும்பி வர மூன்று நாள். எலும்பு அதுவரை சும்மா இருக்காது.

கவுன்டரில் நரியார். பட்டணம் போய் வரிசைக் கணிதம் படித்து வந்தவர். யார் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்று சூத்திரம் போட்டுச் சொல்லிவிடுவார்.

"சராசரிக் காத்திருப்பு பதினோரு நிமிஷம்தாம்மா."

"நான் நாலு மணி நேரமா நிக்கிறேனே."

"அது நீங்க. நான் சொல்றது சராசரி."

அந்தக் காட்டில் மற்ற யாரும் நேரில் வரிசையில் நிற்பதில்லை. ஒரு கல்லை வைத்து, அதன் மேல் டோக்கனை ஒட்டிவிட்டு மேயப் போய்விடுவார்கள். பட்டணத்துச் சூத்திரத்துக்கு இது தெரியுமா? நரியார் கணக்கில், டோக்கன் இருந்தால் அது நோயாளி. மெஷின் சும்மா இருந்தால் கணக்கு கெட்டுவிடும். அதனால் கரடி அட்டெண்டர் ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப் படுக்க வைத்து, "மூச்சைப் பிடிங்க" என்பார். கல் அருமையாகப் பிடிக்கும். வெளியே வந்ததும் நரியார், "எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?" என்று கேட்பார். பதில் வராது. பூஜ்யம் என்று எழுதிக்கொள்வார்.

கல்லுக்கு இருபது நிமிடம். மணி பதினொன்று. முன்னால் இன்னும் மூன்று கல். மரகதம் விரல் விட்டு எண்ணினாள். அடுத்துப் போகவேண்டிய பதின்மூன்றாம் கல்லைப் புதருக்குள் உதைத்தாள். அதன் டோக்கனைப் பிய்த்துப் புருஷன் நெற்றியில் ஒட்டினாள்.

"கல்லு மாதிரி கிடங்க. வீட்டுல வேலை சொன்னா கிடப்பீங்களே, அதே மாதிரி."

கிடந்தார். கரடி தூக்கிப்போனார். ஸ்கேன் முடிந்தது. எலும்பு பளிச்சென்று தெரிந்தது. மரகதம் நரியாரிடம் போய் நின்றாள்.

"ரிப்போர்ட்டைக் குடுங்கண்ணே."

"பதின்மூணாம் டோக்கன் உடும்பு பேர்ல இருக்கும்மா. அவர் வந்துதான் வாங்கணும்."

"உள்ள படுத்தது என் புருஷன்."

"கணக்குப்படி உங்க வீட்டுக்காரர் இன்னும் வரிசையிலதான் இருக்கார். முன்னால ரெண்டே பேர்."

மணி பதினொன்றரை. மரகதம் வாசலுக்கு ஓடி, மேய்ச்சல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "உடும்பண்ணே, ஒரு நிமிஷம் வந்து எங்க வீட்டுக்காரரை உங்க கல்லுன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

உடும்பு அதற்குள் வெகுதூரம் மேயப் போயிருந்தார்.

நீதி: கல்லாகக் கிடந்தால் ஸ்கேன் உண்டு. ரிப்போர்ட் கல்லின் சொந்தக்காரருக்கே.