பொட்டுக்கடலைச் சங்கத்தில் வேகம் ஏற்றும் வைபவம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது; அதன் பிறகு உருப்படியாக நடந்தது என்றால், 1999-இல் காரைக்குடி பொட்டுக்கடலை வியாபாரிகள் நலச் சங்கம் தன் ஹார்ட் டிஸ்க்கை வேகப்படுத்தியதுதான்.

சங்கத்தின் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடியது. பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி. என்பதைத் தவிர அதற்கு வேறு சிபாரிசு இல்லை. ஓர் உறுப்பினரின் விவரத்தைத் தேடச் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்த் திரும்பினாலும் டிஸ்க் கரகரவென்று அரைத்துக்கொண்டே இருக்கும். தற்காலிக ஆபரேட்டர் பெல்சி கையேட்டைப் புரட்டிக் காரணத்தைப் பிடித்தாள். டிஸ்க்கை இயக்கும் 'டிரைவர்' என்ற புரோகிராமில், தகவலை நேராக மெமரிக்கு அனுப்பும் வசதி அணைந்து கிடந்தது. ஒரு வரிக் கட்டளையைத் தட்டி அதை உயிர்ப்பித்தாள். தேடியது கண் சிமிட்டுவதற்குள் வந்து நின்றது.

செயலாளர் முத்துக்கருப்பன் அவசரக் கூட்டம் கூட்டி, கம்ப்யூட்டருக்கு மாலை போட்டார். சாயங்காலம் மெஷினை அணைத்தார்கள். மறுநாள் டிஸ்க் மறுபடியும் அரைத்தது. மெஷின் அணைந்தால் டிரைவருக்கு அந்த செட்டிங் மறந்துபோகும். ஆகவே தினமும் காலையில் 'வேகம் ஏற்றும் வைபவம்' நடத்துவதென்று தீர்மானமாயிற்று. நிர்வாகிகள் சுற்றி நிற்பார்கள். பெல்சி அந்த வரியைத் தட்டுவாள். கைதட்டல், கேசரி, வடை. பிறகு நிர்வாகிகள் களைப்பாறப் போய்விடுவார்கள். தீபாவளிக்குள் அவளை நிரந்தரமாக்குவதாக முத்துக்கருப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பித்தான் தேவகோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கிடைத்த டீச்சர் வேலையை அவள் வேண்டாம் என்றிருந்தாள்.

தீபாவளி நெருங்கியது. தன் திறமை பெரியவர்கள் கண்ணில் படட்டும் என்று நினைத்தாள், பாவம். மெஷின் தொடங்கும்போது தானாகப் படிக்கும் ஃபைலில் அந்த வரியை எழுதிவைத்துவிட்டு, இனி யாரும் எதையும் தட்ட வேண்டியதில்லை என்று பெருமையாகச் சொன்னாள்.

முத்துக்கருப்பன் வடையைக் கீழே வைத்தார்.

"நீங்க வராட்டியும் வேகம் வந்துருமாம்மா?"

"வந்துரும் சார்."

"அப்ப எதுக்கு வாரீக?"

அன்றைய கூட்டம், செலவைக் குறைத்த பெல்சிக்கு நன்றி தெரிவித்து அவளை வேலையிலிருந்து நீக்கியது. அடுத்த தீர்மானம், அந்த ஒரு வரியைக் காவல் காக்கச் செயலாளரின் மைத்துனர் சின்னக்கருப்பனை 'வேகக் கண்காணிப்பாளர்' பதவியில் நிரந்தரமாக நியமித்தது. பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பெல்சிக்கு ஆத்திரம் பொங்கியது.

சின்னக்கருப்பன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தான் செய்ய வேண்டியது என்னவென்று கேட்டார்.

"ஒண்ணும் செய்ய வேணாம்ணே. எதையும் தொடாம உக்காந்திருந்தாப் போதும்."

அந்த வேலையில் நெடுநாள் அனுபவம் உள்ளவர்களே நிர்வாகக் குழு முழுவதும் நிறைந்திருந்தும், ஒருவர்கூடப் போட்டிக்கு வராமல் சின்னக்கருப்பனுக்கு விட்டுக்கொடுத்த பெருந்தன்மையை அந்த ஆண்டின் அறிக்கை வெகுவாகப் பாராட்டியது.