நல்லதண்ணித் தீவுக்கு ஓர் உல்லாசப் பயணம்

பன்னிரண்டு பேராவது சேர்ந்தால்தான் படகு எடுப்பேன் என்று படகுக்காரன் சுப்புராயன் கறாராகச் சொல்லியிருந்தான். அறிவிப்பு எழுதிய அன்று மத்தியானமே அதைப்போல இரண்டு பங்கு ஆட்கள் வந்து பெயர் கொடுத்துவிட்டார்கள். குமாஸ்தா வேதாசலம் பெயர்ப் பட்டியலை மூன்று தடவை எண்ணிப் பார்த்தார்.

எண்ணாமல் என்ன செய்வார்? நாலு வருஷமாக அவரும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். ஓர் ஈ காக்கை வந்ததில்லை.

திருவொற்றியூரில் சோடா பாட்டில் செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்கு உத்தியோகம். பகலெல்லாம் பில் எழுதுவார். மாலையில் எவனாவது அகப்பட்டால் ஒல்லாந்தரைப் பற்றி, அதாவது அந்தக் காலத்து டச்சுக்காரர்களைப் பற்றிப் பேசுவார். பழவேற்காட்டு ஏரிக்கரையில் அவர்கள் கோட்டை கட்டியது, துணி வாங்கியது, காய்ச்சலில் செத்தது எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஏரி முழுக்க உப்பு. நடுவில் ஒரே ஒரு சின்னத் தீவில் மட்டும் கிணறு தோண்டினால் சர்க்கரையாக நல்ல தண்ணீர் வரும். கப்பலுக்குத் தண்ணீர் பிடிக்க வந்த ஒல்லாந்தர் அங்கே ஒரு கிடங்கும் ஏழெட்டுக் கல்லறைகளும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரால் தீவுக்குப் பெயரே நல்லதண்ணித் தீவு. அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை.

கம்பெனி வாசலில் இருந்த கரும்பலகையில் அவர் எழுதியது இவ்வளவுதான்: ‘ஞாயிற்றுக்கிழமை நல்லதண்ணித் தீவுக்கு உல்லாசப் பயணம். ராத்திரிப் படகு என்பதால் வீட்டுப் பெண்களை அழைத்து வர வேண்டாம்.’

பாக்கிங் பகுதி அத்தாவுல்லா தயங்கித் தயங்கி வந்து மேஜையருகே நின்றார்.

"எம் பேரை அடிச்சுடுங்க குமாஸ்தா சார். தெரியாம குட்த்துட்டேன்."

"ஏன் பாய், என்ன ஆச்சு?"

"நம்ம மார்க்கத்துல ஆகாது சார். ஹராம்."

"ஒல்லாந்தன் கல்லறையைப் பாக்கறது ஹராமா?"

அத்தாவுல்லா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "கல்லறைய பாக்க எவன் சார் வரான்? நல்ல தண்ணின்னு நீங்களே போர்டுல எழுதி வெச்சுகீறீங்க. அல்லாரும் நாக்கைத் தொங்கப் போட்டுகினு கீறானுங்க."

வேதாசலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மதுவிலக்கு வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. சாராயம் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தண்ணி என்றுதான் சொல்வார்கள். காப்பியையே அரை டம்ளருக்கு மேல் குடிக்காத மனுஷர் அவர். அவருக்கு இது எப்படித் தோன்றும்?

சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஓடினார். பலகையின் அடியில் கொட்டை எழுத்தில், ‘தண்ணீர் என்றால் வெறும் தண்ணீர்தான். வேறு எந்தச் சந்தேகமும் வேண்டாம்’ என்று எழுதினார்.

சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் ஆகிவிட்டார்கள்.

உலையில் வேலை செய்யும் குமாரவேல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "ஜோரா எழுதினீங்க சார்! போலீஸ்காரன் படிச்சாக்கூட ஒண்ணும் பிரியாது."

"யோவ், சத்தியமா வெறும் தண்ணிதான்யா."

"ஆமா சார், வெறும் தண்ணி." குமாரவேல் கண்ணடித்தான். "கல்லறைதான சார் பாக்கப் போறோம்?"

"அதேதான்! அதைத்தான் நானும் சொல்றேன்."

"கல்லறைக்குள்ளதான வெச்சுகீறாங்கோ?"

வீட்டுக்குப் போனால் அங்கேயும் நிம்மதி இல்லை. மனைவி வரலட்சுமி சோற்றைத் தட்டில் போட்ட வேகத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"கன்னியம்மா வந்து மூக்கைச் சிந்திட்டுப் போறா. அவ புருஷன் இப்பத்தான் குடியை விட்டானாம். நீங்க மறுபடி கூட்டிட்டுப் போறீங்களாம்."

கன்னியம்மா குமாரவேலின் பெண்டாட்டி.

"ஐயோ, அது குடிக்கிற தண்ணிடீ!"

"குடிக்கிற தண்ணின்னுதான் அவளும் சொன்னா. நாப்பது பேருக்கு ஊத்திக் குடுக்கிற அளவுக்கு நீங்க பெரிய மனுஷர்னு எனக்குத்தான் இத்தனை நாளாத் தெரியல."

இதை இப்படியே விட்டால் ஆபத்து என்று மறுநாள் காலை வேதாசலம் நேரே மானேஜர் வரதராஜலு நாயுடுவிடம் போய் எல்லாவற்றையும் விளக்கினார். நாயுடுவுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. விளக்கிய பிறகுதான் அவருக்கு முகம் வெளுத்தது.

"ஏமய்யா, பாட்டில் கம்பெனின்னாலே போலீசுக்கு நம்ம மேல ஒரு கண்ணு. நீ தீவுக்கு வேற ஆள் சேக்கறியா?"

"ரத்து பண்ணிடறேன் சார்."

"பண்ணினா? சரக்கு இருந்துது, பயந்து நிறுத்திட்டான்னு ஊரே பேசும். போயிட்டு வா. ஆனா அது தண்ணிதான்னு எல்லாருக்கும் ருசுவாகணும். கேசு கீசுன்னு வந்துதோ, திங்கக்கிழமை இந்த நாற்காலி உனக்குக் கிடையாது."

அந்த நாற்காலியை விட்டால் வேதாசலத்துக்கு வேறு போக்கிடம் இல்லை. ஒல்லாந்தரைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பதற்கு எவன் சம்பளம் கொடுப்பான்? ராத்திரி பூராவும் புரண்டு படுத்து யோசித்தார். விடிந்ததும் தாமாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைந்தார். அவர் வம்சத்தில் யாரும் செய்யாத காரியம் அது.

"சார், நாங்க ஞாயித்துக்கிழமை நல்லதண்ணித் தீவுக்குப் போறோம். திரும்பி வரும்போது நீங்க எங்களைச் சோதனை போடணும்."

இன்ஸ்பெக்டர் மீசையை நீவிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் சர்வீஸ்ல எவனும் தானா வந்து இப்படிக் கேட்டதில்ல. எதைய்யா மறைக்கிறே?"

"ஒண்ணுமே இல்ல சார். ஒண்ணும் இல்லைன்னு காட்டத்தான் கூப்பிடறேன்."

"ஒண்ணும் இல்லாததை எப்படிய்யா காட்டுவே?"

நியாயமான கேள்விதான். வேதாசலம் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தார். கம்பெனி வாசலை மிதிக்கும்போது பதில் கிடைத்துவிட்டது. ஆளுக்கு ஒரு குடம் கொண்டுவர வேண்டியது. தீவுக் கிணற்றில் நல்ல தண்ணீர் மொண்டு வந்து, இன்ஸ்பெக்டர், மானேஜர், பொதுஜனங்கள் எல்லோர் முன்னிலையிலும் இறக்கி வைக்க வேண்டியது. திருவொற்றியூரில் பாதிக் கிணறு உப்பு. வீட்டுப் பெண்களும் சந்தோஷப்படுவார்கள்.

உலைக்களத்தில் அதை அவர் அறிவித்ததும் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். இத்தனை நாளாக ஆளுக்கு ஒரு டம்ளர் கிடைத்தால் போதும் என்று இருந்தவர்கள் அவர்கள்.

"சார்," குமாரவேல் இரண்டு கையாலும் குடத்தின் அளவைக் காட்டினான். "ஆளுக்கு ஒரு கொடமா?"

"ஆமாம். வழிய வழிய."

அந்த வாரம் கம்பெனியில் வேலை அமோகமாக நடந்தது என்று நாயுடுவே பிற்பாடு சொன்னார்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து எண்ணூரில் படகேறினார்கள். கால்வாய் வழியாகப் போய், விடியும்போது பழவேற்காட்டைத் தொட்டார்கள். வேதாசலம் படகின் முனையில் நின்றுகொண்டு, "அதோ பார், அந்த முள்ளுக்காட்டு மேடுதான் ஒல்லாந்தன் கோட்டை," என்று காட்டினார். ஏரிக்கரை ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். அங்கே எந்தத் துணி நெய்தார்கள், எந்தக் கப்பலில் ஏற்றினார்கள் என்றெல்லாம் சொன்னார். தண்ணீரில் நின்ற பூநாரைகள்கூடத் தலையைத் திருப்பிப் பார்த்தன. நாற்பது பேரில் ஒருவனும் திரும்பவில்லை. எல்லோரும் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு தீவு வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தீவில் இறங்கியதும் வேதாசலத்துக்கு உடம்பு சிலிர்த்தது. கருங்கல்லில் கப்பலும் மண்டையோடும் பூக்கொடியும் செதுக்கிய கல்லறைகள், புல்லுக்கு நடுவில் வரிசையாகக் கிடந்தன.

"இந்தக் கல்லைப் பாருங்க. இந்தப் பெண்மணி கப்பல்ல ஆறு மாசம் பிரயாணம் பண்ணி வந்து…"

"மூடியத் தொறங்க சார்," என்றது ஒரு குரல்.

அவர் தடுப்பதற்குள் நாலு பேர் கல்லைப் புரட்டப் பார்த்தார்கள். அது அசையவில்லை. கிடங்குக்குள் புகுந்து தேடினார்கள். வௌவால்தான் இருந்தது. கடைசியில் எல்லோரும் கிணற்றைச் சுற்றி நின்று, ஒரு வாய் மொண்டு குடித்துப் பார்த்தார்கள்.

"இன்னா சார்," குமாரவேல் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். "நெஜமாவே தண்ணியா?"

"நான் அன்னிலேருந்து அதைத்தானேய்யா சொல்றேன்!"

நாற்பது பேரும் கல்லறைகள்மேலும் புல்லிலுமாகத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தொங்கிப்போன அந்த முகங்களைப் பார்க்க வேதாசலத்துக்கே பாவமாக இருந்தது. தம்முடைய குடத்தை மட்டும் நிரப்பி எடுத்து வைத்தார்.

அப்போது படகுக்காரன் சுப்புராயன் குமாரவேலிடம் ஏதோ பேசிவிட்டு வந்தான். "இந்தக் கெணத்துல ஊறல் கம்மி சார். நாப்பது கொடம் ரொம்பறதுக்குள்ள பொயுது பூடும். தோப்புக்கு அந்தாண்ட நம்ம மச்சான் வூட்டாண்ட இன்னொண்ணு கீது. அதுல ஊறல் ஜாஸ்தி."

"அப்படின்னா கூட்டிட்டுப் போய் நிரப்பிட்டு வா."

"நீங்க குந்திகினு கல்லறை பாருங்க சார். தோ வந்துட்றோம்."

வேதாசலம் ஆற அமரக் கல்லறைகளைப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் படித்தார். அந்த இரண்டு மணி நேரத்தைப்போல ஆனந்தமாக அவர் வாழ்க்கையில் எதுவும் இருந்ததில்லை. போனவர்கள் திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார்கள். வாய்க்குத் துணி கட்டிய குடங்களைச் சொட்டுக்கூடச் சிந்தாமல், கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்தார்கள்.

"துணி எதுக்கு?"

"தூசி வுயும் சார்," என்றான் குமாரவேல். பிறகு, தானாகவே கேட்டான்: "இந்த ஒல்லாந்தக்காரன்லாம் நல்ல மன்சனா சார்?"

வேதாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு வருஷத்தில் அவரிடம் ஒருவன் கேட்ட முதல் கேள்வி அது. திரும்பும் வழி முழுக்க அவர் பேசினார். நாற்பது பேரும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்கள். அடுத்த மாசமும் சரித்திரம் பார்க்கக் கூட்டிப் போக வேண்டும் என்று அவரிடம் வாக்குறுதி வாங்கிக்கொண்டார்கள்.

எண்ணூரில் படகு கரை தட்டியபோது இன்ஸ்பெக்டரும் போலீஸ் ஜவான்களும் வரிசையாக நின்றார்கள். கொஞ்சம் தள்ளிப் பெண்கள் கூட்டம். அதற்கும் பின்னால் ஓர் உப்புக் குவியலை ஒட்டினாற்போல் நாயுடுவின் குடை தெரிந்தது.

வேதாசலம் நிமிர்ந்து நடந்து வந்தார். "நாப்பது குடத்துல எதை வேணும்னாலும் பாருங்க சார்!"

இன்ஸ்பெக்டர் பிரம்பை நீட்டினார். அது குமாரவேலின் குடத்தின்மேல் போய் நின்றது. குமாரவேல் குடத்தோடு இரண்டு அடி பின்வாங்கினான். காக்கிச் சட்டையைக் கண்டால் ஏழைகள் இப்படித்தான் பயப்படுகிறார்கள் என்று வேதாசலம் வருத்தப்பட்டார். தாமே துணியை அவிழ்த்து, ஒரு டம்ளர் மொண்டு, மரியாதையோடு இரண்டு கையாலும் நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் ஒரு வாய் குடித்தார். கூட்டத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. இன்ஸ்பெக்டரும் சற்று நேரம் மூச்சு விடவில்லை.

"உப்பே இல்லையே," என்றார்.

"அதான் சார் அந்தத் தீவோட விசேஷம்!"

இன்ஸ்பெக்டர் மிச்சத்தையும் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "தண்ணிதான். நல்ல தண்ணி. எல்லாரும் வீட்டுக்குப் போங்க." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஸ்டேஷன் கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியல. இதுல ஒரு குடம் இருக்கட்டும்."

ஜவான் குமாரவேலின் குடத்தில் கை வைத்தான். குமாரவேல் அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றான். ஒரு குடம் தண்ணீருக்கு இவ்வளவு அற்பத்தனமா என்று வேதாசலத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அவன் பிள்ளைகுட்டிக்காரன் சார், விடுங்க. என்னோட குடத்தை எடுத்துக்குங்க."

"இதுவும் அதுவும் ஒண்ணுதானே?"

"ஒரே தீவு, ஒரே தண்ணி சார்!"

ஜவான் வேதாசலத்தின் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தான். உப்புக் குவியலின் பின்னாலிருந்து நாயுடு வெளியே வந்து எல்லோர் எதிரிலும் அவருக்குக் கை கொடுத்தார். மாசம் ஒரு தடவை கம்பெனி செலவிலேயே படகு விடலாம் என்றும் சொன்னார். கன்னியம்மா, தப்பாக நினைத்துவிட்டதற்கு மன்னிக்க வேண்டும் என்றாள். வரலட்சுமிக்குச் சொட்டுத் தண்ணீர்கூட மிஞ்சவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி அவள் அவருக்கு அப்பளம் பொரித்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலையில் வேதாசலம் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலிக்குக் கிளம்பினார். வாசலில் அந்த ஜவான் குடத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

"அடடா, குடத்துக்கு என்ன அவசரம்? மெதுவா அனுப்பியிருக்கலாமே. ஐயா குடிச்சாரா? தண்ணி எப்படி இருந்துதாம்?"

ஜவான் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தான்.

"அதான் சார் ஐயா ஒரே பேஜாரா கீறாரு. இதுல வெறும் தண்ணியா கீதாம்; நேத்து டம்ளர்ல குட்த்தீங்களே, அதுல ஒரு கொடம் வாங்கியாரச் சொன்னாரு."