நாரைக்கு முன்னால் நின்றவர்

நான் ஒரு முழு மனிதரை அழித்திருக்கிறேன். மன்னிப்பும் கேட்டாயிற்று. ஆனால் யார் வந்து கேட்டாலும் இன்றும் சொல்வேன், அவர் நின்ற இடம் பிழை.

அந்த நாட்களில் எனக்குப் படம் எடுக்கும் பைத்தியம் முற்றியிருந்தது. அன்புவழிபுரத்தில் இருந்துகொண்டு கணிதம் படிப்பிக்கும் நான், சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் கமராவோடு குறிஞ்சாக்கேணிக்குப் போய்விடுவேன். (அன்றைக்குக் குசினி என் கணவரின் பொறுப்பு. அவருடைய சொதியைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.) அங்கே வீச்சு வலை போடும் ராசிக் நானாதான் எனக்கு எல்லாம். நாரை எங்கே வந்து நிற்கும், எப்போது மீன் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். ஐந்து கிழமையாக என்னைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“நானும் படத்தில விழுவன்தானே டீச்சர்?”

“ஓம், ஓம்” என்றேன். என் கண் முழுக்க நாரையில் இருந்தது. அந்த நேரத்தில் என்ன கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஐந்தாவது சனிக்கிழமை அந்தப் படம் கிடைத்தது. தண்ணீரில் ஒரு அசைவும் இல்லை. சாம்பல் நாரை, அலகில் மீன். அதற்குச் சரியாக முன்னால், முழங்கால் தண்ணீரில், தோளில் வலையோடு கமராவைப் பார்த்துச் சிரித்தபடி ராசிக் நானா. நாரையின் வால் அவருடைய முழங்கைக்குப் பின்னால் போய்விட்டது.

நகரத்தில் பறவைப் படங்களுக்கு ஒரு போட்டியும் கண்காட்சியும் வைத்தார்கள். படத்தில் மனிதர் இருக்கக் கூடாது என்பது முதல் விதி. நான் என்ன செய்ய? மூன்று பின்னேரம் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து நானாவைத் தலையிலிருந்து முழங்கால் வரை துடைத்தெடுத்தேன். தொப்பிக்கு மட்டும் ஒரு பின்னேரம் போனது. வாலை இறகு இறகாகக் கட்டி எழுப்பினேன். (அந்த வாலைப் பற்றி எனக்கு இன்றும் பெருமைதான்.) மேல் பாதியையே பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் கீழ் பாதியைப் பார்க்கவே இல்லை. படத்துக்குத் ‘தனிமை’ என்று பெயரும் வைத்தேன்.

கண்காட்சி அன்று ராசிக் நானா வந்தார். நான் கூப்பிடவில்லை, யார் சொன்னார்களோ தெரியாது. மனைவி பரீதா, மூன்று மகள்மார், ஒரு மருமகன், எல்லோரும் பெருநாள் உடுப்பில். நானாவிடம் அத்தர் மணத்தது.

“நம்மட படம் எங்க டீச்சர்?”

கையை மட்டும் காட்டினேன். வரிசையாக நின்று பார்த்தார்கள். நானா இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை பார்த்தார்.

“நாரை வந்திரிக்கு. நான் எங்க?”

நான் விதியை விளக்கத் தொடங்கினேன். பரீதா அதைக் கேட்கவில்லை. குனிந்து, தலையைச் சரித்து, படத்தின் அடிப்பகுதியைப் பார்த்தார்.

“இஞ்ச பாருங்க. இது உங்கட வயிறுதானே?”

தண்ணீருக்குள் தலைகீழாகத் தொப்பி, வலை, சிரிப்பு எல்லாம் அப்படியே இருந்தன. மேலே ஆளில்லை. மண்டபத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தலையைச் சரித்துப் பார்த்தார்கள், நடுவர் உட்பட. போட்டியிலிருந்து என்னை நீக்க அவருக்கு ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

“நீங்கள் நாரையை மறைச்சுக்கொண்டெல்லோ நிண்டனீங்கள், நானா.”

“டீச்சர், நான் அந்த இடத்தில முப்பது வருஷமா நிக்கிறன். நாரைதான் பின்னால வந்திச்சு.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் படத்தைக் கழற்றித் தரச் சொல்லி, வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

அன்றிலிருந்து நான் கமராவை எடுத்தால் போதும், என் கணவர் பிள்ளைகளிடம், “அம்மா எங்களை வைப்பாவோ, துடைப்பாவோ?” என்று கேட்பார். ராசிக் நானா வீட்டு விறாந்தையில் அந்தப் படம் தொங்குகிறது. அடையாள அட்டைக்கு எடுத்த நானாவின் முகத்தை வட்டமாக வெட்டி, நாரைக்குப் பக்கத்தில் பரீதா ஒட்டியிருக்கிறார்.

மனம் கேட்காமல், நானா முழுதாக நிற்கும் முதல் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பரீதா நெடுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“தொங்குறதே இருக்கட்டும் டீச்சர். இதில இவர் நாரையிட வாலை மறைச்சிக்கிட்டு நிக்கிறார்.”

வீட்டுக்கு வந்ததும் அதை என் கணவரிடம் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.