தெற்கே பார்த்த அடுப்பு

சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போடுகிற பயணத் திட்டம் உருப்படாது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபத்தில்தான் சொல்கிறேன். எத்தனை வருஷம் ஆனால் என்ன, அந்த ஸ்டவ்வை நினைத்தால் இன்னும் காது சூடாகிறது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். பழவேற்காட்டில் படகு தள்ளினேன். லாரியில் தொற்றிக்கொண்டு நெல்லூர் வரை திரிந்தேன். மூட்டை மேல் தூங்கினேன், கிடைத்ததைத் தின்றேன். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கியபோது ஒரு காண்ட்ராக்டரிடம் டிரைவர் ஆனேன். கல்யாணமும் ஆனது. ஆனாலும் வேலை அலுத்தால் சொல்லாமல் கிளம்பிவிடுவேன்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே என் மனைவி சரோஜா சொன்னாள்: “தோ பாரு, இன்னொரு வாட்டி நீ மட்டும் கெளம்பினே, நான் பொதட்டூர்பேட்டைக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போய்டுவேன். அப்பால வந்து கூப்ட்டாலும் வரமாட்டேன்.”

கத்தியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். ரசம் வேணுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

சரி, அவளையும் கூட்டிக்கொண்டே சுற்றுவோம் என்று முடிவு செய்தேன். காண்ட்ராக்டரிடம் சர்வே வேன் ஒன்று இருந்தது. நிலம் அளக்கிறவர்கள் போன இடத்தில் தங்குவதற்காகச் செய்தது. உள்ளே இரண்டு கட்டில், ஒரு தண்ணீர் டிரம், பின்பக்கச் சுவரில் வெல்டு வைத்து இறுக்கிய மண்ணெண்ணெய் ஸ்டவ். உருளுகிற வீடு. பொங்கல் லீவுக்குக் கேட்டேன். கீறல் விழாமல் வந்தால் சரி என்றார்.

மாட்டுப் பொங்கல் காலையில் கிளம்புவது. எளாவூர் செக்போஸ்ட் தாண்டி, ஆந்திராப் பக்கம் மலையடிவாரக் காட்டில், அருவி ஓரமாக வண்டியை நிறுத்துவது. அங்கேயே சமையல், அங்கேயே தூக்கம். (பாம்பு வந்தால் என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். மாமியார் வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.)

சரோஜா சந்தோஷம் தாங்காமல் அம்மா ஊருக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். கிளம்புகிற அன்று விடிந்ததும் மாமியாரும் மச்சான் ஏகாம்பரமும் வந்து நின்றார்கள். கையில் பால் சொம்பு, மாவிலைத் தோரணம்.

என் மாமியார் என்னிடம் நேராகப் பேசமாட்டார். மாப்பிள்ளைக்கு மரியாதையாம். நான் ஒரு முழ தூரத்தில் நின்றாலும் மகளிடம் சொல்வதுபோலத்தான் எனக்குப் பதில் வரும்.

“ஏன்டி சரோஜா, உள்ள அடுப்பு கீதா?”

“கீதும்மா.”

“படுக்கை? கதவு?”

“கீது.”

“அப்ப அது ஊடு. பால் காய்ச்சாம எப்டிடி குடி போவ?”

“அத்தை, இது வண்டி. எலுமிச்சம்பழம் நசுக்கினா போதும்” என்றேன்.

“உங்கூட்டுக்காரரு இன்னாவோ சொல்றாருடி” என்று மாமியார் வேனுக்குள் ஏறினார். ஏறியவர் அலறினார்: “அய்யய்யோ! அடுப்பு தெக்கப் பாத்துக்கினு கீது!”

வேன் நெடுஞ்சாலை ஓரம் வடக்கே மூக்கு வைத்து நின்றது. ஸ்டவ் பின்சுவரில். அதன் முன்னால் நின்றால் தெற்கே, எமன் திசையைத்தான் பார்க்க வேண்டும். பால் காய்ச்சுகிறவள் கிழக்கே பார்க்க வேண்டும் என்பது மாமியாரின் சட்டம். ஸ்டவ் அசையாது. வெளியே கல் கூட்டிக் காய்ச்சலாம் என்றேன். அது தெருவுக்குக் காய்ச்சுகிற பாலாம்.

“ஸ்டவ்வு திரும்பாட்டி இன்னா மாப்ள, வண்டியத் திருப்பு” என்றான் ஏகாம்பரம். அவன் ஆயுசில் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

சாலையோ தெற்கு வடக்காகப் போகிறது. வண்டி மேற்கே பார்த்து நிற்கவேண்டுமானால் சாலையை விட்டுப் பக்கத்து ஏரிக்குள் இறக்க வேண்டும். மழைத் தண்ணீர் வற்றி, மேலே மண் காய்ந்து வெடித்திருந்தது. அடியில் சேறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இறக்கினேன். மச்சான் பார்க்கிறானே என்ற வீம்பு. (அந்த வயசில் எனக்கு இருந்த ஒரே சொத்து அதுதான்.)

“இன்னும் கொஞ்சம், மாப்ள… இன்னும் கொஞ்சம்” என்று கையசைத்துக்கொண்டே வந்தான் அந்தப் பாவி. வலப்பக்கச் சக்கரங்கள் அச்சு வரை இறங்கின. வேன் வடக்கே சாய்ந்தது. வண்டி மேற்கே திரும்பியதுமே மாமியார் ஸ்டவ்வில் ஏற்ற வைத்திருந்த பால் சாய்ந்து பொங்கி வழிந்தது.

“வடக்க பொங்குதுடி! குபேரன் பக்கம்டி!” என்று மாமியார் குலவை போட்டார்.

நான் ஊருக்குள் ஓடினேன். இழுக்க இரண்டு ஜோடி எருது கேட்டேன். கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த விவசாயி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னிக்கு இன்னா நாளு? இன்னிக்கு வந்து மாட்ட வேலைக்குக் கேக்கறியே, நீ மனுசன்தானாய்யா?”

எல்லா வீட்டிலும் இதே திட்டு. மறுநாள் காணும் பொங்கல். ஊர் சனம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. வேனில் ஒரு கட்டில் மாமியாருக்கு, இன்னொன்று மச்சானுக்கு. வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாமல் நானும் சரோஜாவும் கரையில் கோணிப்பை விரித்துப் படுத்தோம். அருவிக்குப் பதில் கொசு.

அதற்கு மறுநாள் காண்ட்ராக்டர் தேடிக்கொண்டு வந்தார். சாய்ந்து கிடந்த அவர் வேன் வாசலில் கோலம், கதவில் தோரணம். மாமியார் உள்ளேயிருந்து எட்டிப்பார்த்து, “வாங்க, நாஷ்டா ஆச்சா?” என்றார். (அவரிடம் மட்டும் நேராகப் பேச வந்தது.) அந்த இடத்திலேயே என் வேலை போனது.

மாமியார் மூட்டை கட்டினார். “வாடி ஊருக்கு. இந்தாளு கூட இருந்தா பேஜாருதான்.”

சரோஜா என்னைப் பார்த்தாள். அவள் போயிருந்தால் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன். அவள் பால் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினாள்.

“நீதானம்மா ஊடுன்னு சொல்லி பால் காய்ச்ச வெச்சே? குடி வந்தவ எதுக்கு உன் ஊட்டுக்கு வரணும்? இவரு எங்க உருண்டாலும் சட்டியத் தூக்கினு நானும் போவேன்.”

போனாள். சூளூர்பேட்டை, கடம்பத்தூர் என்று எங்கெங்கோ அந்தச் சட்டி எங்களோடு உருண்டது. ஊடு என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக நான் மாமியாரை மன்னித்திருக்கலாம். மன்னிக்கவில்லை.

போன மாசம் என் மகன் கார் வாங்கினான். பல்லெல்லாம் போன ஏகாம்பரம் கோலூன்றிக்கொண்டு அதைச் சுற்றிவந்து கேட்டான்: “மாப்ள, அடுப்பு எந்தப் பக்கம்?”

வீடே சிரித்தது. சரோஜா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த அருவியோரக் காட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.