மின்விசிறிக்குக் கீழே எட்டுப் பேர்

எனக்குக் கோபம் வந்தால் மூளை நின்றுவிடும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இருபத்து மூன்று வயதில் ஆசிரியர் பயிற்சிக்காக, சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் செனாயில் ஓர் இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். அங்கே இருந்த மூன்று மாதமும் எனக்குக் கோபம்தான். அந்த மூன்று மாதமும் என் மூளையின் நிலைமை என்னவாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. படிவம் இரண்டில், அதாவது பதினான்கு வயதில், தமிழ் படிக்கும் பிள்ளைகள் இருபத்தொரு பேர். நான்கு வகுப்புகளிலிருந்து வருவார்கள். அவர்களுக்கென்று அறை கிடையாது. மதியம் இரண்டு மணிக்குத் தச்சுப் பட்டறையில் வகுப்பு. தகரக் கூரை. மரத்தூள் வாடை. மேலே மூன்று மின்விசிறிகள், சுற்றுவது ஒன்று. அதற்குக் கீழே இரண்டு மேசை போடலாம், எட்டுப் பேர் உட்காரலாம். மற்ற பதின்மூன்று பேரும் நானும் வேக வேண்டியதுதான்.

பல்கலைக்கழகத்தில் டாக்டர் மங்களேஸ்வரி எங்களுக்கு ஒரு பருவம் முழுக்கக் கல்வியில் சமநீதி பற்றிப் பாடம் எடுத்திருந்தார். "எல்லாருக்கும் ஒரே அளவு குடுத்தா அது சமத்துவம். யாருக்கு எவ்ளோ தேவையோ அவ்ளோ குடுத்தாத்தான் சமநீதி" என்பார். எழுதிக்கொண்டேன். அடிக்கோடும் போட்டேன். யாருக்கு எவ்வளவு தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை. கேட்கலாம் என்று கையைத் தூக்கியபோது நேரம் முடிந்துவிட்டது. (அடுத்த வாரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் மண்டு என்று நினைப்பார்களே.)

அதே டாக்டர்தான் பயிற்சியில் என் பாடத்தைப் பார்வையிட வருபவர். முதல் முறை வந்தபோது என் பாடத்திட்டத்தில் 'சமநீதி அம்சம்' என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்தது: 'அனைவரையும் சமமாக நடத்துதல்.' அதன் மேல் பெரிய சிவப்புக் கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனார். இரண்டாம் முறையும் சொதப்பினால் பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும், ஆறு மாதம் வீண். எங்கள் ஊரான ரெங்கத்தில் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் "மக டீச்சராயிட்டா" என்று ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த ஞானம் உதித்தது. அந்தப் பட்டறையில் பங்கு போட ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது. காற்று! தேவை அதிகம் உள்ளவனுக்குக் காற்று, மற்றவனுக்கு வேர்வை. இதைவிடச் சமநீதி உலகத்தில் உண்டா?

தேவையைக் கண்டுபிடிக்க மாணவர் விவரப் பாரங்களை எடுத்துக்கொண்டேன். அப்பா என்ன வேலை, வீடு எங்கே, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், எல்லாம் அதில் இருந்தது. நான் ரப்பர்த் தோட்டத்தில் ஒரு கூலித் தொழிலாளிக்குப் பிறந்தவள். தோட்டம் என்று எழுதியிருந்த அத்தனை பேரும் என் கண்ணுக்கு நானாகவே தெரிந்தார்கள். தினேஷ் என்ற பையனுக்கு 'தோட்டம்' என்று இருந்தது. முதல் நாற்காலி அவனுக்கு. ஷர்மிளா என்ற பெண்ணுக்கு 'அப்பா, அம்மா: சிங்கப்பூரில் வேலை' என்று இருந்தது. கையில் பளபளவென்று கைக்கடிகாரம் வேறு கட்டியிருப்பாள். வீட்டுப்பாடம் கொண்டு வர மாட்டாள், வகுப்பில் தூங்குவாள். வசதியான வீட்டுத் திமிர் என்று முடிவு கட்டியிருந்தேன். அவளுக்குக் கடைசி மேசை, கதவோரம், வெயில் விழும் இடம்.

பார்வையிடும் நாளில் இருக்கை வரைபடத்தை வகுப்பறைக் கதவில் ஒட்டி வைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. என்னிடம் இரண்டு தாள் இருந்தன. ஒன்றில் பெயரும் இடமும். இன்னொன்று எனக்காக எழுதி வைத்தது. அதில் பெயர், இடம், பக்கத்தில் காரணம்.

எதை ஒட்டினேன் என்று சொல்ல வேண்டுமா?

நான் டாக்டரை அலுவலகத்திலிருந்து அழைத்துக்கொண்டு வந்தபோது கதவு முன்னால் ஒரே கூட்டம். லோகேஸ் என்ற வாயாடி, ஏலம் விடுகிறவன் குரலில் வாசித்துக்கொண்டிருந்தான்.

"தினேஷ், ஒன்னாம் மேச, தோட்டம்! கவிதா, ஒன்னாம் மேச, வீட்டுல ஆறு பிள்ளைங்க! ஷர்மிளா, கடைசி மேச, சிங்கப்பூர், வசதி, தேவை இல்ல! லோகேஸ், நாலாம் மேச, அப்பா லோரி, பரவாயில்ல..." என்னைப் பார்த்தான். "டீச்சர், என்ன டீச்சர் பரவாயில்ல? எங்கப்பா லோரில ஏர்கோன்கூட இல்ல டீச்சர்!"

நான் தாளைக் கிழித்தெடுத்தேன். பாதிதான் கையில் வந்தது. காரணங்கள் இருந்த பாதி கதவிலேயே நின்றது.

உள்ளே போனால் நிலைமை இன்னும் மோசம். ஏழையாக இருந்தால் காற்று கிடைக்கும் என்பது தெரிந்துவிட்டதால் எல்லோரும் ஏழையாகிவிட்டார்கள்.

"டீச்சர், எங்க வீட்டுக் கூர ஒழுகுது!"

"எங்கப்பாவுக்குச் சுகர் டீச்சர்!"

"எங்க வீட்டுப் பூனைக்கே நேத்து சோறு இல்ல லா டீச்சர்!"

"டேய், உங்க வீட்டுல ஏதுடா பூன?"

"அதான், செத்துப் போச்சு!"

ஆனால் தினேஷ் மட்டும் நின்றுகொண்டே இருந்தான். காது சிவந்திருந்தது.

"உட்காரு தினேஷ், உன் இடம் இதான்" என்றேன்.

"நான் அங்க உட்கார மாட்டேன் டீச்சர்."

"ஏன்?"

"எங்கப்பா தோட்டத்துல மண்டோர் டீச்சர். எங்க வீட்டுல மூனு ஏர்கோன் இருக்கு."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. மண்டோர் என்றால் தோட்டத்தில் நாற்பது ஐம்பது பேரை வேலை வாங்குகிறவர். பாரத்தில் 'தோட்டம்' என்று ஒரே வார்த்தைதான் இருந்தது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் அவனை என் அப்பாவுக்குப் பிள்ளையாக்கியிருந்தேன். குழம்பிப்போய் அவனையும் மின்விசிறியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

டாக்டர் பின்னால் போய்க் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஷர்மிளாவுக்குப் பக்கத்து நாற்காலி. இத்தனை கூச்சலிலும் அந்தப் பெண் மேசையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் மரத்தூள்.

என் மானத்தில் மிச்சம் இருந்ததைக் காப்பாற்ற நினைத்து, "ஷர்மிளா! எந்திரி! ராத்திரி முழுக்க ஃபோன் பாத்தா இப்படித்தான்!" என்று கத்தினேன்.

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். டாக்டர் மெதுவாகக் கேட்டார். "காலையில எத்தன மணிக்கு எந்திரிச்சம்மா?"

"நாலு மணிக்கு."

"ஏன் அவ்ளோ சீக்கிரம்?"

"அப்பா அம்மா தெனமும் அந்நேரம் மோட்டார் சைக்கிள்ல சிங்கப்பூர் கெளம்பிருவாங்க. லேட்டானா எல்லைப் பாலத்துல ஜாம். அப்புறம் தம்பிங்க ரெண்டு பேருக்கும் சாப்பாடு செஞ்சு, குளிப்பாட்டி, வேன் ஏத்தி விடணும்." கொட்டாவியை அடக்கினாள். "அலாரத்துக்குத்தான் அம்மா இந்த வாட்ச் வாங்கிக் குடுத்தாங்க."

அதற்குப் பிறகு யாரும் பூனையைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கரும்பலகையைப் பார்த்தேன். அதில் என் கையெழுத்தில், அழகாக, 'இன்றைய விழுமியம்: பிறர் நிலை அறிதல்' என்று இருந்தது.

பாடம் நடந்தது. என்ன நடத்தினேன் என்று சத்தியமாக நினைவில்லை. தினேஷ் தானே போய் ஷர்மிளாவின் பையை எடுத்து முதல் மேசையில் வைத்தான். அவள் அங்கே உட்கார்ந்து மறுபடியும் தூங்கினாள். நான் எழுப்பவில்லை. அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான். அதுவும் பயத்தில் செய்தது.

பிள்ளைகள் போன பிறகு டாக்டர் என்னை எதிரில் உட்கார வைத்தார்.

"பவானி, இந்தப் பிள்ளைங்ககிட்ட எத்தன தடவ பேசியிருக்க?"

"தெனமும் பேசுறேன் டாக்டர்."

"திட்டுறதத் தவிர?"

அவர் கட்டத்தில் எதையும் எழுதாமல் கோப்பை மூடினார். "இன்னைக்கு வந்தத கணக்குல சேக்கல. ரெண்டு வாரம் கழிச்சு வரேன். அன்னைக்கும் இப்படின்னா நான் ஒன்னும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பட்டறை வாசலில் தினேஷ் நின்றுகொண்டிருந்தான். ஏதோ சொல்ல வந்தவன் என் முகத்தைப் பார்த்துத் தயங்கினான்.

"சொல்லித் தொலடா."

"டீச்சர்... மத்த ரெண்டு ஃபேனும் ஓடும் டீச்சர்."

"என்னது?"

"சுவிட்ச் ஸ்டோர் ரூம் உள்ள இருக்கு. பட்டறை வாத்தியாருகிட்ட கேட்டா தொறந்து விடுவாரு. எங்க தச்சு வகுப்புல மூனும் ஓடும்."

"இத ஏன்டா ரெண்டு மாசமா சொல்லல?"

"ஒரு தடவ சொல்ல வந்தேன் டீச்சர். வாய மூடிட்டு உட்காருன்னு சொல்லிட்டீங்க."

இரண்டு மாதம். இரண்டு மாதம் நாங்கள் பதினான்கு பேர் வெந்திருக்கிறோம். நான் பள்ளி நிர்வாகத்தைத் திட்டினேன், அரசாங்கத்தைத் திட்டினேன், தகரக் கூரையைக்கூடத் திட்டினேன். ஸ்டோர் ரூம் கதவைத் தட்ட மட்டும் தோன்றவில்லை.

அந்த இரண்டு வாரமும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினேன். பாதி பேருக்கு என்ன தேவை என்று அப்போதும் விளங்கவில்லை. லோகேஸுக்கு நான்காம் மேசையே வேண்டுமாம், அங்கிருந்துதான் கேண்டீன் தெரியுமாம். டாக்டர் வந்தார், மூன்று மின்விசிறியும் ஓடின, நான் தேறினேன். எப்படித் தேறினேன் என்று இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். அவர் கட்டத்தில் எழுதியது ஒரே வார்த்தை: 'பரவாயில்லை.' லோகேஸுக்கு நான் எழுதியிருந்த அதே வார்த்தை.

இந்தக் கதையை வீட்டில் சொன்னது நான் செய்த அடுத்த தவறு. இப்போது ரெங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் அப்பா முதலில் கேட்பது, "பாரம் எழுதிட்டீங்களா? எழுதாதவங்களுக்குக் காத்து இல்ல" என்பதுதான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் கேட்டார். மாப்பிள்ளை உண்மையிலேயே ஏதோ பாரம் இருக்கிறது என்று நினைத்துப் பேனாவை எடுத்துவிட்டார். (அவரைத்தான் கட்டிக்கொண்டேன். கேள்வி கேட்காமல் பேனா எடுக்கிற ஆளை விடலாமா?)

என் தம்பி இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறான். விடுமுறைக்கு வந்தால் பையைக்கூட உள்ளே வைக்காமல் கூடத்தில் நேராக மின்விசிறிக்குக் கீழே மல்லாந்து விழுவான்.

"டீச்சரு, நான் சிங்கப்பூர். வசதி, தேவை இல்ல. எந்திரிச்சுப் போகவா?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்பான்.

"வாய மூடிட்டுத் தூங்கு" என்பேன். காற்றை முழு வேகத்தில், ஐந்தில் வைப்பேன்.