வட்டத்துக்குள் நின்ற அத்தான்

பிறர் துன்பத்தை அழகிய படமாக வரைந்து, அதற்குக் கைதட்டலும் எதிர்பார்த்தவன் நான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு நான்கு போகம் ஆயிற்று.

மழையில் மூழ்கிய பயிரை உழவர்கள் கைப்பேசியிலேயே பதிவுசெய்வதற்காகத் திருவாரூரில் ஒரு சிறு நிறுவனம் சாட்பாட் ஒன்றை உருவாக்கியது. அது கேட்கும் கேள்விகளை எழுதியவன் நான், ஒற்றுப்பிழைகூடக் கிடையாது. (பயிர் போனவன் ஒற்றா பார்க்கப்போகிறான்?) உரையாடல்கள் செல்லும் வழியைப் படமாக்குவதும் என் வேலை. ஒவ்வொரு கேள்வியும் ஒரு புள்ளி. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஆட்கள் நகர்ந்தால் இடையே ஒரு கோடு. ஆள் கூடக்கூடக் கோடு தடிக்கும்.

அந்த மார்கழியில், பால் பிடித்திருந்த சம்பா நான்கு நாள் நீரில் கிடந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதியாத வயலைப் பார்வையிட அதிகாரிகள் எவரும் வரமாட்டார்கள், நிவாரணமும் கிடையாது. அன்று பிற்பகல் கீழ்வேளூரிலிருந்து என் அக்காள் கணவர் அழைத்தார்.

“மாப்ளே, இது கேட்டதையே கேட்டுக்கிட்டு இருக்கு. நீ உள்ளதானே இருக்க, ஒரு வார்த்தை சொல்லேன்.”

“அத்தான், சொந்தக்காரங்கன்னு நான் தலையிட்டா நல்லாவா இருக்கும்? நிதானமாப் படிச்சுட்டுப் பதில் சொல்லுங்க.” (நேர்மையின் திருவுருவம்!)

“நிதானமாவா? வயல்ல தண்ணியும் நிதானமாத்தான் நிக்குது. வை போனை.”

வைத்தேன். எனக்கு வேலை இருந்தது. சாட்பாட்டைப் பற்றிய மறுநாள் கூட்டத்துக்கான படத்தில், ஒரு புள்ளியிலிருந்து கிளம்பிய கோடு அதே புள்ளிக்கு வளைந்து திரும்பி, மணிக்கு மணி தடித்துக்கொண்டிருந்தது. அதற்குச் செந்நிறம் பூசினேன்.

கூட்டத்தில் முன்வரிசையில் அதிகாரிகள்; பின்னால் உழவர்கள். திரையில் என் வட்டம்.

“இது என்ன தம்பி, இவ்ளோ பெருசா?” என்றார் முதலாளி.

“ஈடுபாடு, ஐயா. உழவர்கள் இந்தக் கேள்விக்கு விரும்பி மீண்டும் மீண்டும் வருகிறார்கள்.”

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். அத்தான்.

“விரும்பியா? அந்த வட்டத்துல நேத்து பூரா சுத்துனவன் நான்தான் மாப்ளே.” கைப்பேசியைப் பார்த்து உரக்கப் படித்தார். “‘நிலப்பரப்பைக் குறிப்பிடுக.’ ஆறு மான்னு போட்டேன். ‘ஏற்கத்தக்க விடை அன்று. நிலப்பரப்பைக் குறிப்பிடுக.’ எங்கப்பாரு காலத்துலேர்ந்து அது ஆறு மாதான். நேத்து மட்டும் சுருங்கிடுச்சா?”

“எனக்கும் அதேதாங்க!”

“எனக்கு மூணு மா, ஒத்துக்கவே இல்ல!”

மூன்று மா ஓர் ஏக்கர். எங்கள் பக்கத்தில் நிலத்தை அப்படித்தான் சொல்வோம். என் வீட்டிலும் அப்படித்தான். நானோ ஹெக்டேர் எண்ணை மட்டுமே ஏற்கும்படி அமைத்திருந்தேன். அதைக் கேள்வியில் குறிப்பிட்டால் வாக்கியத்தின் ஓசை கெடும் என்று விட்டுவிட்டேன்.

“இப்பப் பதிஞ்சுக்கலாங்களா?” என்று ஒரு பெண் கேட்டார். அதிகாரி ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நேத்து சாயங்காலத்தோட முடிஞ்சுபோச்சும்மா” என்றார்.

அத்தான் வயலுக்கு எவரும் வரவில்லை. பயிர் நின்றபடியே அழுகியது. அந்தப் பொங்கலுக்கு அக்காள் கடையரிசியில் பொங்கினாள்.

இன்றும் அவர்கள் வீட்டில் என் கதைதான் பேச்சு. சென்ற மாதம், கிளம்பாத பைக்கை அக்காள் மகள் உதைத்துக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து அக்காள் குரல் கொடுத்தாள்: “விடாம உதைடி! மாமா பாத்தா, வண்டி மேல எவ்ளோ பாசம்னு படம் போட்டுடுவாரு!”

வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். அத்தான் மட்டும் குனிந்து, மூடிக்கிடந்த பெட்ரோல் குழாயைத் திருகித் திறந்துவிட்டு, வயலுக்குப் போனார்.